மூணு பேருக்கு ஒரு டென்ட்

அத்தியாயம் 12

புருஷனின் சட்டைப் பையில் கிடைத்த காகிதத்தை நான்காக மடித்து, எடுத்த இடத்திலேயே இளமதி திரும்ப வைத்தாள் அல்லவா? அது வியாழக்கிழமை. இன்றைக்கு ஞாயிறு. இடையில் அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவசங்கரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

காகிதத்தில் இருந்தது இதுதான். சிவசங்கர் பாய்லர் ஆபரேட்டராக இருக்கும் குடிகாடு கம்பெனி, குஜராத்தில் புது யூனிட் திறக்கிறது. அனுபவமுள்ள ஆட்கள் இரண்டு வருஷத்துக்கு அங்கே வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஃபாரம் நிரப்பித் தரலாம். 'குடும்பத்துடன்', 'தனியாக' என்று இரண்டு கட்டம் போட்டிருந்தது. தனியாக என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். கையெழுத்து மட்டும் பாக்கி.

குஜராத்தைக்கூட இளமதி ஜீரணித்துவிட்டாள். அந்த டிக்கைத்தான் முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கஸ்டமர் ரவிக்கைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். முதுநகரில் பதினோரு வருஷமாகத் தையல் கடை நடத்துகிறாள், இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

இந்த லட்சணத்தில் டென்ட் வேறு வாங்க வேண்டும்.

அரையாண்டு லீவில் நான்கு நாள் கல்வராயன் மலைக்குப் போவதாக ஏற்பாடு. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் குடும்பமாக ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஷிஃப்ட் குறுக்கே வரும், இல்லாவிட்டால் அவளுக்குத் தீபாவளித் தையல் குறுக்கே வரும். இந்த முறை சிவசங்கரின் ஷிஃப்ட் கூட்டாளி தாண்டவராயன், மலையில் ஓடை ஓரமாகத் தனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, வந்து தங்குங்கள் என்றான். ஆனால் அங்கே வீடு கிடையாது, மோட்டார் கொட்டாய் மட்டும்தான். டென்ட் ஒன்று வாங்கி வந்துவிட்டால் லாட்ஜ் செலவு மிச்சம். பொங்கல் ஆர்டருக்கு வந்த முன்பணத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை இளமதி அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றும் சொல்லியிருந்தாள்.

காலையில் மகன் எழிலன் டியூஷனுக்குக் கிளம்பும் முன்பே அவள் கூடத்தில் இரண்டு கோரைப்பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். நாலு பேரும் படுங்க என்றாள்.

"எதுக்கும்மா?" என்றான் எழிலன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான், எதற்கும் காரணம் கேட்கிற வயது.

"ஆள் அளவு எடுக்காம துணி வெட்ட முடியுமா? அதுமாதிரிதான். படு."

படுத்தார்கள். சுவரோரம் எழிலன், அடுத்து இளமதி, அடுத்து எட்டு வயசுத் தமிழினி, வாசல் பக்கம் சிவசங்கர். இவர்கள் எப்போதும் படுக்கிற வரிசை அதுதான். எந்த நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் யாரையும் மிதிக்காமல் வந்து படுக்க வசதியாக, வாசல் பக்கம் அவனுக்கென்று விட்டிருக்கும். இளமதி எழுந்து, துணியில் அளவு குறிக்கிற சாக்கட்டியால் நாலு பேரையும் சுற்றிக் கோடு போட்டாள். இன்ச் டேப்பை வைத்தாள். அகலம் எட்டடி, நீளம் ஏழு. அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

சிவசங்கர் எழுந்து கோட்டைப் பார்த்தான். அவன் படுத்திருந்த பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மனசில் ஒன்று இருந்துவிட்டால் எல்லாமே அப்படித்தான் தோன்றும் என்று தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள்.

---

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் விற்கிற கடை. சுப்பிரமணியன் என்ற பெரியவர் நடத்துகிறார். தமிழினி போன உடனே கூடைப்பந்து ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். மேலே நான்கு வெள்ளைக்காரர்கள் டென்டுக்குள் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் படுக்கலாம், மூவாயிரத்து எண்ணூறு, மலைக்குப் போகிற பசங்கள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்.

இளமதி டேப்பை எடுத்தாள். ஆறரைக்கு ஆறரை.

"ஆளுக்கு ஒன்றரை அடி சொச்சம்ங்க. இவரு தோளே அதுக்கு மேல இருக்கும்."

"அது அவுங்க ஊரு கணக்கும்மா. நாம கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

"பொட்டியில இருக்கறவங்க யாரும் படுக்கலியே, உக்காந்துதான இருக்காங்க," என்றாள் இளமதி.

பிறகு தையலைப் பார்த்தாள். அது அவள் ராஜ்ஜியம். துணியை உள்பக்கம் திருப்பி, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தெரிந்தது. ஒற்றைத் தையல், ஓட்டையை மூட மேலே பட்டியும் ஒட்டவில்லை. துணியில் வாயை வைத்து ஊதினாள். மறுபக்கம் வைத்திருந்த விரலில் காற்று சில்லென்று பட்டது. மார்கழி மாசத்து மலையில் ஒரு தூறல் விழுந்தால் போதும், பிள்ளைகள் இரண்டும் நனைந்துபோகும். அவள் துணியை மடித்து மேஜையில் வைத்தாள்.

அப்போதுதான் சிவசங்கர் அதைச் சொன்னான்.

"நாலு பேருது வேணாங்க. மூணு பேருதா, நல்ல ஐட்டமா, வெயிட் கம்மியா இருந்தா காட்டுங்க."

டேப்பைச் சுருட்டிக்கொண்டே இளமதி எண்ணிப் பார்த்தாள். காலையில் சாக்கட்டிக்கோட்டுக்குள் நாலு பேராகப் படுத்திருந்தோம், அதற்குள் எப்படி மூணு பேரானோம்?

"நாலு பேரு இல்லியா நாம?" என்று கேட்டாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"குட்டிதான சின்னது. நான் வெளிய கட்டில் போட்டுப் படுத்துப்பேன். எனக்கு முழிச்சிக்கினு இருந்துதான பழக்கம்." அவன் அவளைப் பார்க்காமல் ஒரு ஷட்டில் மட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கடைக்காரரிடம் அந்த மாதிரி டென்ட் இல்லை. ஆனால் சிதம்பரத்தில் ஒருவர் இருக்கிறார், பெயர் செந்தமிழ்செல்வன், மலையேறப் போகிறவர்களுக்கு டென்ட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார், தொழிலை விடப்போகிறார், பழையதுதான் ஆனால் நல்ல சரக்கு என்று சொல்லி, அவரே ஃபோன் போட்டும் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்குள் வந்தால் இருப்பேன் என்று பதில் வந்தது.

---

திருவாதிரைத் தரிசன சமயம். சிதம்பரம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. தமிழினியை யாரோ ஒரு அம்மாள் மடியில் இருத்திக்கொண்டாள். இளமதிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. சிவசங்கர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான்.

முதுநகரைத் தாண்டி, குடிகாடு வந்தது. அவன் குனிந்து ஜன்னல் வழியே தன் கம்பெனிப் புகைபோக்கியைப் பார்த்தான். லீவு நாளிலும் பார்ப்பான். புகையின் நிறத்தை வைத்தே உள்ளே யார் ட்யூட்டியில் இருக்கிறார்கள் என்று சொல்வான். இளமதி அதைக் கேலி செய்வாள். இன்றைக்குப் புகைபோக்கி மறைகிறவரை பார்த்தான், அவ்வளவுதான்.

ஃபோன் அடித்தது. கூட்டத்தில் நசுங்கியபடியே எடுத்தான். "சொல்லுங்க சார்... இல்ல சார், வெளிய இருக்கேன்... திங்கக்கிழம கண்டிப்பா சொல்லிடறேன் சார்." வைத்துவிட்டான்.

யாருங்க என்று இளமதி கேட்டாள். அறிவழகன் சார், ஷிஃப்ட் விஷயமா என்றான். அறிவழகன் அவனுடைய மேலதிகாரி. சொன்னது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. திங்கட்கிழமை என்றால் நாளைக்கு.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பஸ் முழுக்க ஆட்கள். ஆலப்பாக்கம் வந்தது, புதுச்சத்திரம் வந்தது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்டுவிடலாம் என்று நினைத்து, சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அதன் ஓரமே நைந்துபோகிற அளவுக்கு வந்துவிட்டது. கேட்டு, ஆமாம் போகிறேன் என்று அவன் சொல்லிவிட்டால்? கேட்காத வரைக்கும் அது வெறும் காகிதம்தானே.

---

அண்ணாமலை நகர் போகிற வழியில் செந்தமிழ்செல்வன் வீடு. முப்பது வயசு இருக்கும். அரசாங்க வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் இதைப் பார்க்க நேரமில்லை என்றார். வீட்டுக்குப் பின்னால் தென்னைமரங்களுக்கு நடுவே மணல் பரப்பு. ஒரு நீலப் பையைக் கொண்டுவந்து வைத்தார்.

மூணு பேர் டென்ட். இளமதி தையலைப் பார்த்தாள். இரட்டைத் தையல், உள்பக்கம் பட்டி ஒட்டியிருந்தது, ஊதினால் காற்றுப் போகவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாலாயிரம் என்றார். கையில் இருக்கிற பணத்துக்குள் வந்துவிட்டது.

மணலை ஒட்டியிருந்த கொட்டகையின் மூலையில் காக்கி நிறத்தில் இன்னொரு பை கிடந்தது. மூட்டை மாதிரி இருந்தது. அது என்ன என்று கேட்டாள்.

"அது வேணாங்க்கா," என்றார் அவர். "அது பெரிசு. ஒம்பதடிக்கு எட்டடி. பதினாறு கிலோ. கம்பியெல்லாம் இரும்பு. துணி நல்ல கெட்டித் துணிதான், மழ ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒரு ஆளால ஆவாது. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு நின்னு ஒரே நேரத்துல தூக்கணும். ஒருத்தர் விட்டாலும் படுத்துடும். அதனாலயே யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. ஜிப்பு வேற போயிருக்குது."

சிவசங்கர் நீலப் பையை அவளிடம் தள்ளினான்.

"நீ போட்டுப் பாரு."

"நீங்க வாங்க, சேந்து போடலாம்."

"இல்ல. நீயே போடு. நான் பாக்கறேன்."

செந்தமிழ்செல்வன் எப்படி என்று ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டு, தண்ணீர் எடுத்து வர உள்ளே போனார். இளமதி குனிந்தாள். துணியை விரித்து, மடக்குக் கம்பிகள் இரண்டையும் நீட்டி, பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்து, துணியின் குழாய்க்குள் செருகினாள். ஒரு கம்பி பாதியில் சிக்கியது.

"இழுக்காத. தள்ளு," என்றான் சிவசங்கர். பக்கத்தில் வரவில்லை.

தள்ளினாள். போனது. நாலு மூலையிலும் கம்பி முனையைப் பொருத்தியதும் டென்ட் தானாக எழுந்து நின்றது. தமிழினி கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். இளமதி முளை அடித்தாள். ஐந்தே நிமிஷம்.

"பிரி," என்றான்.

"என்னா?"

"பிரிச்சி மறுபடி போடு. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கிட்டுப் போடு. எதுவும் கேக்காத."

தமிழினியை வெளியே இழுத்துவிட்டு அவள் பிரித்தாள். மறுபடி போட்டாள். வேர்வை கண்ணில் இறங்கியது. ஒரு முனை சரியாக உட்காரவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான், கை நீட்டவில்லை. அவளே கண்டுபிடித்துச் சரிசெய்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

இந்த நிற்பு இளமதிக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை, ஆனால் கல்யாணமான புதிதில் அவனே சொல்லியிருக்கிறான். பாய்லரில் ஒரு ஷிஃப்ட் ஆள் வீட்டுக்குப் போவதென்றால், அடுத்து வருகிற ரிலீவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வந்தவன்தான் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், வால்வு தொட வேண்டும், எல்லாம் அவனே செய்ய வேண்டும். போகிறவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். கை நீட்டினால் வந்தவன் இவனையே நம்பி இருந்துவிடுவான் என்று பழைய ஆட்கள் பழக்கியது. எல்லாம் முடிந்ததும் போகிறவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான். வந்தவன் 'எடுத்துக்கிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. அப்புறம் பாய்லர் வெடித்தாலும் இவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லி அன்றைக்குச் சிரித்தான்.

டென்டுக்குள் தமிழினி படுத்துக்கொண்டு இடம் பிரித்தாள். "இது அண்ணனுக்கு. இது அம்மாவுக்கு. இது எனக்கு. அப்பா எங்கப்பா படுப்ப?"

"அப்பா வெளிய காவலுக்குடா," என்றான். பிறகு இளமதியைப் பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் வாய் தவறிவிட்டது.

"எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டான்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. பின்னால் கட்டியிருந்த கை தானாகப் பிரிந்தது.

"எடுத்துக்கல," என்றாள் இளமதி. "எனக்கு இந்த ரிலீவர் வேல வேணாங்க."

"நான் என்னா சொல்ல வந்தேன்னா மதி—"

"வியாழக்கிழம துணி தொவைக்கும்போது பாத்தேன். குஜராத்து. தனியாங்கற கட்டத்துல டிக்கு."

அவன் ஒரு தென்னங்கட்டையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னான். பதினான்கு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள். அங்கே போகிறவர்களை பர்மனென்ட் ஆக்குவார்கள். திரும்பி வரும்போது ஷிஃப்ட் இன்சார்ஜ். அவளுக்குக் கடை இப்போதுதான் நாலு பேருக்குத் தெரிகிற கடையாகியிருக்கிறது. எழிலன் அடுத்த வருஷம் பத்தாவது. அவர்களை எப்படி அங்கே கொண்டுபோவது? டென்ட் லேசாக இருந்தால் அவன் இல்லாத லீவிலும் அவளே பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகலாம், தாண்டவராயனிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

எல்லாவற்றையும் யோசித்திருந்தான், அவளிடம் கேட்பது ஒன்றைத் தவிர. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. புருஷன் போவது கஷ்டம்தான், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் தனக்குத் தெரியாமல் தன் வீட்டில் தன்னை ஒரு ஷிஃப்டில் போட்டுவிட்டுப் போவதை எப்படித் தாங்குவது?

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"கேட்டா நீ போங்கன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துது," என்றான் சிவசங்கர். தலையை நிமிர்த்தவில்லை. "நீ சொல்லிட்டேன்னா நான் போயித்தான் ஆவணும்."

இளமதிக்குச் சண்டைக்கு என்று தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் உதவாமல் போய்விட்டன. போக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் ஒளிக்கிறான் என்று மூன்று நாளாக மருகிக்கொண்டிருந்தாள். போக மனசில்லாதவன் இப்படி ஒரு டிக்கைப் போட்டுவிட்டு, பெண்டாட்டிக்கு முளை அடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். இவனை என்ன செய்வது? அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர்ச் சொம்போடு செந்தமிழ்செல்வன் வந்தார். இதையே கட்டிவிடட்டுமா அக்கா என்று கேட்டார்.

"இல்ல தம்பி. அந்தக் காக்கிப் பைய எடுங்க."

"அக்கா, அது ரெண்டு ஆள் இல்லாம நிக்காதுன்னு சொன்னனே?"

"அதான் வேணும்," என்றாள்.

பிரித்துப் போட்டதும் மணல் பாதி மறைந்துவிட்டது. இரும்புக் கம்பிகளை அவளும் சிவசங்கரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். முதல் தடவை அவன் முந்திக்கொண்டான், டென்ட் அவள் தலைமேல் விழுந்தது. இரண்டாவது தடவை அவள் முந்திக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து அவன் இருமுகிற சத்தம் வந்தது. தமிழினி மணலில் உருண்டு சிரித்தாள். மூன்றாவது தடவை இளமதி, நான் சொல்றப்ப தூக்குங்க என்றாள். அவள் சொன்னாள், அவன் தூக்கினான், டென்ட் நின்றது.

அவள் டேப்பை எடுத்து அளந்தாள், உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். எட்டுக்கு ஏழு தாராளமாக அடங்கியது. தமிழினி உள்ளே போய் மறுபடி இடம் பிரித்தாள். இந்தத் தடவை வாசல் பக்கம் ஒரு இடத்தைக் கையால் தட்டி, இது அப்பாவுக்கு என்றாள். சிவசங்கர் குனிந்து உள்ளே போய் அங்கே படுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

விலை ஐயாயிரத்து ஐந்நூறு என்றார் செந்தமிழ்செல்வன். போன ஜிப்பைக் காட்டி, அதை மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும், என்ன ஜிப்பு போட வேண்டும், எத்தனை அடி என்று இளமதி விளக்கிய விளக்கத்தில் மனுஷன் களைத்துப்போய், நாலாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கி வந்தார். பதினாறு கிலோவை வீட்டிலிருந்து கிளப்பினால் போதும் என்று அவருக்கும் இருந்திருக்கும்.

---

பைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒன்றை அவன் பிடித்தான், மற்றதை அவள் பிடித்தாள். தமிழினி முளைக் கட்டைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். பஸ் நிற்கிற இடம்வரை இருவரும் குஜராத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் காலையில் பேசாமல் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இப்போது விஷயம் நடுவில் கிடந்தது, இருவருக்கும் அது தெரியும்.

கடலூர் பஸ் தூரத்தில் திரும்பியபோது அவன் ஃபோன் அடித்தது. அறிவழகன் சார் என்று திரையில் வந்தது.

எடுக்கட்டுமா என்பதுபோல் அவன் பார்த்தான். எடுங்க என்றாள்.

ஒரு கை பையில் இருக்க, மறு கையால் காதில் வைத்தான். அவளுக்கு அவன் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. "சொல்லுங்க சார்... திங்கக்கிழமன்னீங்களே சார்?... லிஸ்டு இன்னிக்கே அனுப்பறாங்களா... ஆமா சார், ஃபாரம் எங்கிட்டதான் இருக்குது... இல்ல சார், இன்னும் கையெழுத்துப் போடல." பிறகு எதிர்ப்பக்கம் நீளமாகப் பேசியது. சிவசங்கரின் நெற்றியில் வேர்த்தது.

"ஒரு நிமிஷம் சார்," என்றான்.

ஃபோனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். பஸ் வந்து நின்றது. கண்டக்டர், கடலூர் கடலூர், சீக்கிரம் ஏறு என்று அவசரப்படுத்தினார்.

"மதி," என்றான். "என்னா சொல்லட்டும்?"

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டான். இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாளாக அவள் தூங்காமல் கிடந்தாள். கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். போங்க என்றால் போய்விடுவான், பர்மனென்ட் ஆகிவிடுவான், வாசல் பக்கம் இரண்டு வருஷம் காலியாகக் கிடக்கும். போகாதீங்க என்றால் நின்றுவிடுவான், பதினான்கு வருஷத்துக் கான்ட்ராக்ட் இன்னும் எத்தனை வருஷத்துக்கோ நீளும். நானும் வரேன் என்றால் கடை, எழிலன் பத்தாவது.

கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. அவன் பக்கத்துக் கையும் வலித்திருக்கும், ஆனாலும் அவன் பையைக் கீழே வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"ஏம்மா, வரீங்களா இல்லியா?" என்று கண்டக்டர் கேட்டார்.